பெய்ஸ் உக்காந்திருக்குற வரைக்கும் அது பர்ப்பிள்தான்

ரிச்சி பிளாக்மோர் என்னிக்கு கிட்டாரத் தூக்கினு போனாரோ அன்னியோட டீப் பர்ப்பிள்ன்ற இங்கிலாந்து ராக் பேண்டு முடிஞ்சுபோச்சுனு சொல்றவங்க எங்க வியாசர்பாடி, பெரம்பூர் பக்கத்துலயே நெறைய பேரு இருக்காங்க. கேரம் கிளப்புல ஸ்டிரைக்கர கைல வச்சினு இதயே மணிக்கணக்கா பேசுவாங்க. ஹார்பர்ல வேல செய்ற என் ஃபிரண்டு ஒருத்தன் இன்னும் ஒரு படி மேல போயி, 1973ல பாட்டுக்காரரு இயன் கில்லன் வெளிய போனதோடயே எல்லாம் முடிஞ்சுதுடா, அதுக்கப்புறம் வந்தது பூரா பேர வச்சு ஓட்டுன வண்டின்னுவான். நான் அப்டி நெனைக்கல. 1968ல இருந்து அந்த பேண்டோட சத்தம் எத்தனையோ தடவ மாறிருக்குது, பாடுறவரு மாறுனாரு, கிட்டார் மாறுச்சு, பேஸ் மாறுச்சு, கடசில ஆர்கன்கூட கை மாறிப்போச்சு, ஆனா பின்னாடி உக்காந்து டிரம்ஸ் அடிக்கிற ஆளு மட்டும் மாறவே இல்ல. இயன் பெய்ஸ். ஆளு மாற மாற ரசிகருங்க மார்க் 1, மார்க் 2னு நம்பர் போட்டு எண்ணுற ஒன்பது லைன்அப்புலயும் இருந்த ஒரே மனுஷன் அவருதான். என்னப் பொறுத்தவரைக்கும் டீப் பர்ப்பிள் சத்தம்னா அது பெய்ஸோட அடியும், மார்ஷல் ஆம்ப் வழியா உறுமுற ஹாமண்ட் ஆர்கனும். கிட்டார் அது மேல ஏறி நின்னு பேசுது, அவ்ளோதான். ஏன் இப்டி சொல்றேன்னு ஆல்பம் ஆல்பமா சொல்லணும்னு ரொம்ப நாளா ஆச.

அடிய மொதல்ல கேக்குற பழக்கம் எனக்கு ரெண்டு எடத்துல இருந்து வந்துச்சு. ஒண்ணு நம்ம ஏரியா. இங்க கானா கச்சேரின்னா பாடுறவரு யாருனு கேக்குற அதே மூச்சுல டோலக் யாருனு கேப்பாங்க, தெரு முனைல பறை சத்தம் கேக்கும்போதே வூட்டுக்குள்ள உக்காந்துனே இது எந்த செட்டுனு சொல்ற ஆளுங்க உண்டு. இன்னொண்ணு எங்க பக்கத்து தெருவுல இருந்த ஆங்கிலோ இந்தியன் அங்கிள் ஒருத்தரு. பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ்ல ஃபிட்டரா இருந்து ரிட்டையர் ஆனவரு, வேலைல இருந்த காலத்துல இன்ஸ்டிட்யூட் டான்ஸு, சர்ச் கல்யாண ரிசப்ஷன்னு போயி டிரம்ஸ் வாசிச்சவரு. அவரு வூட்டு ஹால்ல ஒரு பழைய ஸ்னேர் டிரம் சோஃபாவுக்குப் பக்கத்துல ஸ்டூல் கணக்கா இருக்கும், பேசிட்டே இருக்கும்போது கை அது மேல போயிரும்.

அப்பல்லாம் ரெக்கார்டிங் சென்டர்னு கடைங்க இருக்கும், லிஸ்ட் எழுதி குடுத்தா எல்பில இருந்து டிடிகே கேசட்ல பாட்டு ஏத்தி குடுப்பாங்க. எங்க அண்ணன் ஒரு 90 நிமிஷ கேசட் அப்டி ஏத்தினு வந்தான். ஏ சைடுல 'ஹைவே ஸ்டார்', 'ஸ்மோக் ஆன் த வாட்டர்', பி சைடுல 'பர்ன்', 'ஸ்டார்ம்பிரிங்கர்'. அட்டைல டீப் பர்ப்பிள்னு மட்டும் பேனால எழுதிருக்கும். ரெண்டு சைடுலயும் பாடுற குரல் வேற வேற, பி சைடுல ரெண்டு பேரு மாத்தி மாத்தி பாடுறாங்க, பேஸ் கிட்டார் வேற எங்கயோ போவுது, ஆனா கேக்கும்போது ஒரே பேண்டுதான்னு அடிச்சு சொல்லலாம். இது எப்டி அங்கிள்னு போயி கேட்டேன். அவரு கேசட்ட போட்டு ரெண்டு பக்கத்தயும் கேட்டுட்டு, "பாடுறவன் வேற மேன், பேஸ் வேற மேன், டிரம்ஸ் அதே ஆளு. கிட்டார எல்லாரும் கேப்பாங்க, நீ அவன் கால் என்னா பண்ணுதுனு கேளு"ன்னாரு. கால்னா பேஸ் டிரம் பெடல். அன்னில இருந்து நான் இந்த பேண்ட கேக்குற விதமே அதுதான்.

மார்க் 1 பத்தி ரொம்ப சொல்ல வேணாம். 1968, 69ல மூணு ஆல்பம், ராட் ஈவன்ஸ் பாட்டு, நிக் சிம்பர் பேஸ், பிளாக்மோர் கிட்டார், ஜான் லார்ட் ஆர்கன், பெய்ஸ் டிரம்ஸ். ஈவன்ஸ் கொரலு மெல்லிசான கொரலு, ஹோட்டல்ல சூட்டு போட்டு பாடுற ஆளுங்களோட கொரலு. அடுத்தவங்க பாட்டதான் நெறைய பாடுனாங்க, 'ஹஷ்' அமெரிக்கால பெருசா ஓடுச்சு, அதுவும் ஜோ சவுத் எழுதுன பாட்டுதான். ஆனா 'ஹஷ்'ல ஆர்கனையும் டிரம்ஸையும் மட்டும் தனியா காதுல பிடிச்சு பாருங்க, பின்னாடி வரப்போற எல்லாமே அங்க இருக்குது. ஆர்கன் நடுவுல எகிறி வந்து கத்துது, பெய்ஸ் அடி ஒரு எடத்துல நிக்காம உருண்டுனே இருக்குது. அந்த உருளுறதுதான் விஷயம். பெய்ஸ் சின்ன வயசுல கேட்டு வளந்தது ஜீன் க்ரூபா, பட்டி ரிச் இவங்கள, அதாவது பிக் பேண்ட் ஜாஸ் டிரம்மருங்கள. அவங்க அடில ஸ்விங் இருக்கும். ரெண்டு அடிக்கு நடுவுல இருக்குற எடத்த சரி பாதியா வெட்டாம, ஒண்ணு நீளமா ஒண்ணு குட்டையா விட்டு ஆட வைக்கிறதுதான் ஸ்விங். அது போக ஸ்னேர்ல காதுக்கு கேக்குதா கேக்கலையான்ற அளவுக்கு சின்னச் சின்ன தட்டு தட்டினே இருப்பாரு, பெரிய அடி எல்லாம் அந்த குட்டித் தட்டுங்க மேலதான் உக்காருது. நெறைய ராக் டிரம்மருங்க பலமா அடிப்பாங்க. பெய்ஸ் பலமாவும் அடிப்பாரு, ஆடவும் வைப்பாரு. எடது கைக்காரரு வேற, அதனால செட்டே திருப்பி போட்டிருக்கும்.

1969ல பாட்டுக்கு கில்லனும் பேஸுக்கு ரோஜர் க்ளோவரும் எபிசோட் சிக்ஸ்னு ஒரு பேண்ட்ல இருந்து வந்து சேந்தாங்க, மார்க் 2. அந்த வருஷம் செப்டம்பர் 24ஆம் தேதி லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால்ல ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவோட உக்காந்து ஜான் லார்ட் எழுதுன கான்செர்ட்டோவ, அதான் பேண்டும் ஆர்கெஸ்ட்ராவும் சேந்து வாசிக்கிற நீளமான இசைய, வாசிச்சாங்க, மால்கம் ஆர்னால்ட் நடத்துனாரு. அதுக்கப்புறம் ஆர்கெஸ்ட்ரா பக்கம் போறதா ராக் பக்கம் போறதான்னு ஒரு கேள்வி, பிளாக்மோர் ராக் பக்கம் இழுத்தாரு, 1970ல 'இன் ராக்' வந்துச்சு. இங்கதான் சத்தம் மொதல் தடவ முழுசா மாறுது. ஜான் லார்ட் ஹாமண்ட் ஆர்கன வழக்கமா எல்லாரும் போடுற லெஸ்லி ஸ்பீக்கர்ல, அதான் உள்ள சுத்துற ஸ்பீக்கர்ல, விடறத விட்டுட்டு கிட்டாருக்கு போடுற மார்ஷல் ஆம்ப்ல நேரா சொருவுனாரு. சர்ச் சத்தம் போயி ரம்பம் சத்தம் வந்துச்சு. இதோட விளைவு என்னன்னா கிட்டாரும் ஆர்கனும் ஒரே உசரத்துல, ஒரே கரகரப்போட நிக்குது, எங்க ஏரியா சந்துல எதிரெதிரா ரெண்டு மீன்பாடி வண்டி வந்து எவனும் ஒதுங்காம நிக்கிற கதைதான். வேற எந்த பேண்டா இருந்தாலும் ரெண்டுல ஒண்ண கொறச்சு வைப்பாங்க. இவங்க கொறைக்கல. அந்த மோதலுக்கு நடுவுல எடம் பிரிச்சு குடுக்குற வேல பெய்ஸோடது. யாரு சோலோ எடுக்குறாங்களோ அவங்களுக்கு ஏத்தா மாதிரி சிம்பல, அதான் டிரம்ஸ் செட்டுல இருக்குற பித்தளைத் தட்ட, மாத்துவாரு, தொறந்து விடுவாரு, மூடுவாரு.

அதே ஆல்பத்துல 'சைல்ட் இன் டைம்' பத்து நிமிஷத்துக்கு மேல ஓடுற பாட்டு. அந்த ஆர்கன் மெட்டு சான் பிரான்சிஸ்கோல இருந்த 'இட்ஸ் எ பியூட்டிஃபுல் டே'ன்ற பேண்டோட 'பாம்பே காலிங்'ன்ற பாட்டுல இருந்து எடுத்து மெதுவாக்குனது. கில்லன் கத்துறதத்தான் எல்லாரும் பேசுவாங்க, கத்துறதும் சாதாரண கத்தல் இல்ல, அதே வருஷம் வந்த 'ஜீசஸ் கிரைஸ்ட் சூப்பர்ஸ்டார்' ரெக்கார்டுல ஏசுவா பாடுன கொரலு அது. ஆனா ஒரு தடவ பெய்ஸுக்காக மட்டும் அந்த பாட்ட கேளுங்க. ஆரம்பத்துல சிம்பல் மேல குச்சி நுனி மட்டும் நடக்குது, அப்புறம் ஸ்னேர் மெல்ல மெல்ல வருது, சோலோ தொடங்கும்போது ஒரே பாய்ச்சல். கில்லன் அவ்ளோ தூரம் ஏர்றதுக்கு படி கட்டுனது அவருதான்.

அடுத்த வருஷம் 'ஃபயர்பால்'. அந்த டைட்டில் பாட்டு ஆரம்பிக்கும்போது கேக்குற உஸ்ஸுனு சத்தம் ஸ்டூடியோ ஏசி மெஷின ஆன் பண்ண சத்தம், அத ரெக்கார்ட் பண்ணி வச்சாங்க. எப்பவும் ஒத்த பேஸ் டிரம் வச்சு வாசிக்கிற பெய்ஸ் அந்த பாட்டுக்கு மட்டும் ரெண்டு வச்சாரு. ஆல்பம் மொத்தமா பாத்தா எனக்கு பாதிதான் பிடிக்கும், அதனால தாண்டிப் போறேன்.

'மெஷின் ஹெட்'ட தாண்ட முடியாது. 1971 டிசம்பர், ஸ்விட்சர்லாந்து மோன்ட்ரோ. அங்க இருந்த கசினோல ரெக்கார்ட் பண்ணலாம்னு ரோலிங் ஸ்டோன்ஸோட மொபைல் ஸ்டூடியோ வண்டிய வாடகைக்கு எடுத்தினு போனாங்க. டிசம்பர் 4ஆம் தேதி அதே கசினோல ஃப்ராங்க் ஸப்பா கச்சேரி நடக்கும்போது எவனோ ஒருத்தன் ஃப்ளேர் துப்பாக்கிய மேல சுட்டு கட்டடமே எரிஞ்சுபோச்சு, 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' கதை இதுதான், பாதி பேருக்கு தெரிஞ்சிருக்கும். எனக்கு அதுக்கப்புறம் நடந்ததுதான் முக்கியம். எடம் இல்லாம பெவிலியன்ற ஒரு தியேட்டர்ல ஆரம்பிச்சாங்க, சத்தம் தாங்காம அக்கம்பக்கத்துல கம்ப்ளெய்ன்ட் குடுத்து போலீஸ் வந்துருச்சு, அதுக்குள்ள 'ஸ்மோக்' பாட்டோட அடிப்படை ட்ராக் முடிஞ்சிருந்துச்சு. அப்புறம் குளிருக்கு மூடிக் கெடந்த கிராண்ட் ஹோட்டல் வராண்டால படுக்கை மெத்தைய எல்லாம் நிறுத்தி சத்தம் அடங்க வச்சு வாசிச்சாங்க. வெளிய நிக்கிற வண்டிக்கு போயி வாசிச்சத கேக்கணும்னா ரூம் ரூமா, பால்கனி பால்கனியா தாண்டிப் போகணும், அதனால ஒரு கட்டத்துல திருப்பிக் கேக்குறதையே விட்டுட்டாங்க. சரியா வந்துச்சான்னு ஒருத்தர ஒருத்தர் பாத்து முடிவு பண்ணிக்கிறது. அந்த ஆல்பம் இன்னிக்கும் அஞ்சு பேரு ஒரே எடத்துல நின்னு வாசிக்கிற உசுரோட கேக்குதுன்னா காரணம் அதுதான்.

'ஸ்மோக்' எல்லாருக்கும் தெரியும், கிட்டார் வாங்குன எல்லா பையனும் மொதல்ல வாசிக்கிறது. பிளாக்மோர் அத பிளெக்ட்ரம்ன்ற சில்லு போட்டு வாசிக்கல, ரெண்டு தந்திய வெரலால ஒரே நேரத்துல கிள்ளுறாரு. ஆனா பாட்டு எப்டி தொறக்குதுன்னு கவனிச்சீங்களா? மொதல்ல கிட்டார் மட்டும். அப்புறம் ஹைஹாட், அதான் கால்ல மூடித் தொறக்குற ஜோடி சிம்பல், வந்து டிக்கிடிக்கின்னு நுணுக்கமா போவுது, கூடவே ஆர்கன் அதே மெட்ட அதே கரகரப்புல புடிச்சுக்குது, அடுத்து மத்த டிரம்ஸ், கடசில பேஸ். அந்த ஹைஹாட்ட எடுத்துட்டா அந்த கிட்டார் மெட்டு மொட்டையா நிக்கும். அதே ஆல்பத்துல 'லேஸி'னு ஒரு பாட்டு, முழு ஷஃபிள், அதான் ஸ்விங்கோட ஆடிப் போற அடி, பெய்ஸுக்கு ஜாஸ் எவ்ளோ உள்ள ஊறிப் போயிருக்குதுனு அத விட தெளிவா காட்டுற பாட்டு கெடையாது. அங்கிள் அத போட்டா ஸ்னேர் மேல கை வைக்காம இருக்கவே மாட்டாரு.

1972 ஆகஸ்ட் 15, 16, 17, ஒசாகாலயும் டோக்கியோலயும் வாசிச்சதுதான் 'மேட் இன் ஜப்பான்'. அதுல 'ஸ்பேஸ் ட்ரக்கிங்' கிட்டத்தட்ட 20 நிமிஷம். ஸ்டூடியோல அஞ்சு நிமிஷம்கூட ஓடாத பாட்டு. என்னக் கேட்டா மார்க் 2வோட உச்சம் இந்த லைவ் ரெக்கார்டுதான், 'மெஷின் ஹெட்' கூட இல்ல. ஏன்னா இதுல யாரு எங்க போவாங்கனு வாசிக்கிறவங்களுக்கே தெரியாம வாசிக்கிறாங்க, பிளாக்மோர் திடீர்னு சத்தத்த அமுக்கிடுவாரு, அடுத்த நொடியே பெய்ஸ் அமுங்குவாரு, லார்ட் வேற பக்கம் இழுப்பாரு, அங்கயும் பெய்ஸ் முன்னாடியே நிப்பாரு.

1973 ஜூன்ல கில்லன் போயிட்டாரு, க்ளோவரும் போயிட்டாரு. வந்தது துணிக்கடைல வேல செஞ்சினு இருந்த டேவிட் கவர்டேல், ட்ரப்பீஸ் பேண்ட்ல இருந்து க்ளென் ஹியூஸ். மார்க் 3. ஹார்பர் ஃபிரண்டு கிட்ட நான் ரொம்ப மல்லுக்கட்டுறது இந்த எடத்துலதான், ஏன்னா 1974ல வந்த 'பர்ன்' டைட்டில் பாட்டுல பெய்ஸ் வாசிச்சிருக்குறத விட நல்லா அவரு வேற எங்கயும் வாசிச்சதா எனக்கு தோணல. பாடிட்டு இருக்கும்போதே, வரிக்கு வரி, இடைவெளி கெடச்ச எடத்துல எல்லாம் ரோல் போட்டுனே போவாரு, வேற டிரம்மர் செஞ்சா பாட்டு கெட்டுடும், இங்க பாட்டே அதுலதான் ஓடுது. ஏன் இப்ப திடீர்னு இவ்ளோ வாசிக்கிறாருன்னா அடில பேஸ் மாறிருச்சு. க்ளோவர் கிட்டார் மெட்டோட ஒட்டியே கீழ கெட்டியா போறவரு. ஹியூஸுக்கு மனசு பூரா சோல், ஃபங்க், அதான் கறுப்பின அமெரிக்கருங்க ஆட்டப் பாட்டு. அவரு ஒரு எடம் விட்டு ஒரு எடம் தொடுவாரு, நடுவுல எடம் தொறக்கும், அந்த எடத்துல எல்லாம் பெய்ஸ் உள்ள பூந்துடுவாரு. அதுவும் போக ரெண்டு பாட்டுக்காரங்க, கவர்டேலுக்கு அடித்தொண்டை, ஹியூஸுக்கு மேல் ஸ்தாயி, ஒரே பாட்டுல பங்கு போட்டுக்கறாங்க. அது வரைக்கும் ஆர்கனும் கிட்டாரும் போட்ட சண்டைய இப்ப கொரலுங்களும் போடுது.

அந்த ஏப்ரல்ல கலிஃபோர்னியா ஜாம்ன்ற கச்சேரில பிளாக்மோர் டிவி கேமராவ கிட்டாரால இடிச்சு ஆம்ப்ப கொளுத்துனத எல்லாரும் யூடியூப்ல பாத்திருப்பீங்க, அதே வீடியோவ இன்னொரு தடவ போட்டு பின்னாடி மீசையும் கண்ணாடியுமா உக்காந்திருக்குற ஆள மட்டும் பாருங்க. வருஷக் கடசில 'ஸ்டார்ம்பிரிங்கர்' வந்துச்சு, ஃபங்க் இன்னும் அதிகமாச்சு, 'ஹோல்ட் ஆன்' மாதிரி பாட்ட கண்ண மூடினு கேட்டா அமெரிக்கா சோல் பேண்டுனு நெனைப்பீங்க. பிளாக்மோருக்கு இந்த வழி சுத்தமா பிடிக்கல, 1975ல போயி ரெயின்போன்னு வேற பேண்டு ஆரம்பிச்சாரு.

அவரு எடத்துக்கு டாமி போலின்னு ஒரு அமெரிக்க பையன். 1973ல ஜாஸ் டிரம்மர் பில்லி காபமோட 'ஸ்பெக்ட்ரம்' ஆல்பத்துல கிட்டார் வாசிச்சவரு, ஜாஸ் தெரிஞ்ச கை. 'கம் டேஸ்ட் த பேண்ட்' ஒரே ஒரு ஆல்பம்தான், இத டீப் பர்ப்பிள்னு ஒத்துக்காதவங்கதான் நெறைய. எனக்கு ரொம்ப பிடிச்ச ஆல்பங்கள்ல ஒண்ணு. 'கெட்டின் டைட்டர்'ல போலினும் ஹியூஸும் பெய்ஸும் மூணு பேரும் அடி மேல ஏறி ஆடுறாங்க. ஆனா லார்ட் ஒதுங்கிட்டாரு, ஆர்கன் கோவமே இல்லாம கெடக்குது, எதிர்ல மோதறதுக்கு பிளாக்மோர் இல்லன்றதால. 1976 மார்ச்ல பேண்டு கலைஞ்சுது, அந்த டிசம்பர்ல போலின் செத்துப்போனாரு, வயசு 25. இந்த ஒரு ஆல்பத்த வச்சு அவர மட்டம் தட்டுறவங்க மேல எனக்கு நெஜமாவே கோவம் வரும். அவ்ளோ திறமையான கைக்கு இன்னும் ரெண்டு ஆல்பம் கெடச்சிருந்தா அந்த லைன்அப் எங்க போயிருக்கும்!

எட்டு வருஷம் பேண்டு இல்ல. பிளாக்மோர் ரெயின்போ, அதுல பின்னாடி க்ளோவரும் சேந்தாரு, லார்டும் பெய்ஸும் கவர்டேலோட ஒயிட்ஸ்னேக், கில்லன் தனி பேண்டு, நடுவுல பிளாக் சபாத்ல ஒரு ஆல்பம். 1984ல மார்க் 2 திரும்ப ஒண்ணு கூடி 'பெர்ஃபெக்ட் ஸ்ட்ரேஞ்சர்ஸ்' போட்டாங்க. டைட்டில் பாட்டு ஆர்கன்லதான் தொறக்குது, தனியா, கனமா. அந்த பாட்டுல கிட்டார் சோலோவே கெடையாது, பிளாக்மோர் இருந்தும். வேகமா ஓடுற பழைய மார்க் 2 இல்ல இது, நிதானமா நடக்குது. பெய்ஸும் அதுக்கு ஏத்தா மாதிரி அடிய கொறச்சு எடம் விட்டு வாசிக்கிறாரு. பன்னெண்டு வருஷத்துக்கு முன்ன வராண்டால வாசிச்ச அதே அஞ்சு பேரு, ஆனா சத்தம் வேற. லைன்அப் மாறாமலே சத்தம் மாறும்ன்றதுக்கு இத விட நல்ல உதாரணம் இல்ல. நடுவுல அவங்கவங்க வாசிச்ச எட்டு வருஷமும் கூடவே வந்து உக்காந்துருச்சு.

என் வாதத்துக்கு இடிக்கிற ஆல்பம் ஒண்ணு இருக்குது, அத மறைக்கக் கூடாது. 1990ல வந்த 'ஸ்லேவ்ஸ் அண்ட் மாஸ்டர்ஸ்'. கில்லன அனுப்பிட்டு ரெயின்போல பாடுன ஜோ லின் டர்னர கூட்டினு வந்தாங்க. பெய்ஸ் இருக்காரு, லார்ட் இருக்காரு, பிளாக்மோரே இருக்காரு. ஆனா கேட்டா ரெயின்போவா கேக்குது. அஞ்சு பேருல மூணு பேரு ரெயின்போ ஆளுங்கன்றது ஒரு காரணம்தான். ரேடியோக்கு ஏத்த பளபளப்பு, பாட்டெல்லாம் அளவெடுத்து தச்சா மாதிரி, பெய்ஸ் நேரா அடிச்சுட்டு போறாரு, குட்டித் தட்டு எதுவும் மேல வரல, ஆர்கன் பின்னாடி எங்கயோ கம்பளம் விரிச்சு நிக்குது. இதுல இருந்து நான் புரிஞ்சுக்கிட்டது, ஆளு மேடைல இருந்தா மட்டும் போதாது, அவருக்கு வாசிக்க எடம் வேணும். பாட்டுல அந்த எடம் இல்லன்னா பெய்ஸே உக்காந்தாலும் அது பர்ப்பிள் ஆகாது.

1992ல கில்லன் திரும்பி வந்தாரு, 1993 நவம்பர்ல பிளாக்மோர் டூருக்கு நடுவுலயே வெளிய போனாரு, இந்த தடவ ஒரேடியா. ஜப்பான் ஷோவுக்கு ஜோ சேட்ரியானி வந்து கிட்டார் வாசிச்சு காப்பாத்துனாரு. 1994ல கிட்டாருக்கு ஸ்டீவ் மோர்ஸ். கேரம் கிளப்புல பாதி பேரு பர்ப்பிள் செத்துப்போச்சுன்ற எடம் இது. எனக்கு இங்கதான் பேண்டு மூச்சு விட ஆரம்பிச்சுது. 1996ல வந்த 'பர்பெண்டிக்குலர்' எல்லாரும் சிரிச்ச மொகத்தோட வாசிச்ச ரெக்கார்டு, கேக்கும்போதே தெரியுது. பிளாக்மோர் திடீர்னு நிப்பாரு, திடீர்னு பாய்வாரு, அவர பாத்துனே வாசிக்கணும். மோர்ஸ் டிக்ஸி ட்ரெக்ஸ்ன்ற பேண்ட்ல இருந்து வந்தவரு, கை அவ்ளோ சுத்தம், ஒவ்வொரு நோட்டும் தனித்தனியா எண்ணலாம். அவரு கணக்கா வாசிக்கிறதால பெய்ஸுக்கு காவல் வேல கொறஞ்சு போச்சு, ஆட்டம் அதிகமாச்சு. 'டெட் த மெக்கானிக்'ல அந்த அடிய கேளுங்க, சோம்பலா நடக்குறா மாதிரி போயி இடுப்ப ஆட வைக்குது. 'சம்டைம்ஸ் ஐ ஃபீல் லைக் ஸ்க்ரீமிங்'ல கிட்டார் நீளமா ஒரு மெட்டு பாடுது, பிளாக்மோர் இருந்திருந்தா இந்த பாட்டு வந்தே இருக்காது.

இத சொல்லும்போது கல்பனா சாவ்லா ஞாபகம் வராம இருக்காது. அவங்க டீப் பர்ப்பிள் ரசிகை, 2003ல கொலம்பியா விண்வெளி ஓடத்துல போகும்போது மூணு சிடி எடுத்துனு போனாங்க, அதுல ரெண்டு பர்ப்பிள், 'மெஷின் ஹெட்'டும் 'பர்பெண்டிக்குலரு'ம். மேல இருந்தே பேண்டுக்கு இமெயில் அனுப்புனாங்க. பிப்ரவரி 1ஆம் தேதி திரும்பி வரும்போது ஓடம் செதறி ஏழு பேரும் போயிட்டாங்க. மோர்ஸ் அத நெனச்சு எழுதுன குட்டி கிட்டார் பீஸ்தான் 'கான்டாக்ட் லாஸ்ட்', அந்த வருஷம் வந்த 'பனானாஸ்' ஆல்பத்தோட கடசில இருக்குது, அத என்னால வேற வேல பாத்துனே கேக்க முடியாது. கர்னால்ல பொறந்து வளந்த ஒரு பொண்ணு, ஒரு பிளாக்மோர் ஆல்பத்தையும் ஒரு மோர்ஸ் ஆல்பத்தையும் ஒண்ணா பையில வச்சுனு போயிருக்காங்க. எந்த லைன்அப் ஒசத்தின்னு சண்ட போடுறவங்களுக்கு இத நான் அடிக்கடி சொல்றதுண்டு.

2002ல ஜான் லார்ட் வெலகுனாரு. என் கணக்குல பிளாக்மோர் போனத விட பெரிய அடி இதுதான், பாதி சத்தம் அவரோடது. நல்லவேளையா வந்தது டான் ஏரி, ரெயின்போ, ஓஸி ஆஸ்போர்ன்னு பல எடத்துல வாசிச்ச கை. அவரு லார்ட காப்பி அடிக்காம, ஆனா ஆர்கன் உறுமுறத விடாம புடிச்சுக்கிட்டாரு. லார்ட் 2012 ஜூலை 16ல போயிட்டாரு. மறு வருஷம் வந்த 'நவ் வாட்' ஆல்பத்துல 'அன்காமன் மேன்' அவருக்காக. அந்த ஆல்பத்துல இருந்து ப்ரொட்யூசர் பாப் எஸ்ரின், பிங்க் ஃப்ளாய்டோட 'த வால்' பண்ணவரு. அவரு வந்த பொறவு டிரம்ஸும் ஆர்கனும் மறுபடி முன்னாடி வந்துச்சு, கில்லனும் கொரலு ஏறாத எடத்துக்கு ஏறப் பாக்காம, கதை சொல்றா மாதிரி கீழ்ஸ்தாயில பாட ஆரம்பிச்சாரு. 2002க்கு அப்புறம் அவங்க 'சைல்ட் இன் டைம்' வாசிக்கிறதே இல்ல. அது சரியான முடிவுனுதான் நான் சொல்வேன், வயசான தொண்டைய 25 வயசு கத்தலுக்கு இழுத்துனு போயி அவமானப்படுத்தக் கூடாது, அந்த வயசுக்குனு ஒரு பாட்டு இருக்குது.

2016ல பெய்ஸுக்கு லேசா ஸ்ட்ரோக் வந்து ஷோ கேன்சல் ஆச்சு, பேண்டு ஆரம்பிச்ச நாள்ல இருந்து ஒடம்பு சரியில்லனு அவரு விட்ட மொத ஷோ அதுதான். நியூஸ பாத்ததும் அங்கிள் வூட்டு ஸ்னேர்தான் கண்ணு முன்னாடி வந்துச்சு. கொஞ்ச நாள்லயே பெய்ஸ் திரும்பி வந்து உக்காந்துட்டாரு.

2022ல மோர்ஸ், சம்சாரத்துக்கு ஒடம்பு முடியலன்னு கூட இருக்கணும்னு வெலகுனாரு. வந்தது வட அயர்லாந்துக்காரரு சைமன் மெக்ப்ரைட், பேண்டு ஆரம்பிச்சப்ப பொறக்கவே இல்லாத ஆளு. 2024ல 'ஈக்வல்ஸ் ஒன்' ஆல்பம். மோர்ஸோட கணக்கு சுத்தம் போயி கிட்டார்ல மறுபடி புளூஸ் அழுக்கு ஏறிருக்குது, கொஞ்சம் கோவம் ஏறிருக்குது, அதனால ஏரியோட ஆர்கனும் எதிர்த்து பேசுது. இத பிளாக்மோர் காலம் திரும்புதுனு சிலர் சொல்றாங்க, நான் அப்டி சொல்ல மாட்டேன், மெக்ப்ரைட் பிளாக்மோரா ஆகப் பாக்கல. ஒரு நாள் பெய்ஸ் குச்சிய கீழ வைப்பாரு, அன்னிக்கு வேற டிரம்மர உக்கார வச்சு அந்த பேர்ல வாசிக்கக் கூடாதுன்றது என் எண்ணம், வேற எந்த ஆளு மாறுனப்பவும் நான் இத சொன்னது இல்ல. அது வரைக்கும் 'ஈக்வல்ஸ் ஒன்'ல இருக்குற 'போர்ட்டபிள் டோர்' போடுங்க, நல்ல ஹெட்ஃபோன்ல, கிட்டாரும் ஆர்கனும் மாத்தி மாத்தி பேசுற எடத்துல ரெண்டையும் விட்டுட்டு ஹைஹாட்டயும் ஸ்னேரையும் மட்டும் புடிங்க, அப்புறம் அதே சூட்டோட 1972 ஒசாகா 'ஹைவே ஸ்டார்' போடுங்க.